ஆளில்லாத கடை

அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போனால், கடைசியில் இறங்கும் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். பெயர்தான் இருக்கிறது, மார்க்கெட் இல்லை. 1900-இல் திறக்கப்பட்டு, பழைய புத்தகப் பிரியர்களின் சொர்க்கமாக விளங்கிய அந்தச் சந்தை 1985 மே மாதத்தில் எரிந்தது. மிச்சத்தையும் இடித்து ரயில் நிலையம் எழுப்பினார்கள். வியாபாரிகளுக்கு அருகிலேயே அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கே சுகமாக இறங்கிப் போகிற எனக்கு, இடித்தது தவறு என்று சொல்ல வாயில்லை.

இப்போது எங்கள் தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் கடையொன்றை, சாலையை அகலமாக்க, அரசாங்கச் செலவில் இடிக்கப் போகிறார்களாம். "ஆளில்லாத கடைதானே ஸார், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் நண்பர்.

ஆளில்லை என்பது மெய்யா? அதன் படியில் பல வருஷமாய் ஓர் அம்மாள் பூத் தொடுத்து விற்கிறாள். தெருவோர வியாபாரிகளை அகற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது 2014-ஆம் வருஷச் சட்டம்; ஆனால் அது சான்றிதழ் பெற்றவர்களுக்கு. அவளிடம் இருப்பதோ பூக்கூடை மட்டும். கடையின் சொந்தக்காரர் நஷ்டஈடு கேட்கலாம். அவள் எதைக் காட்டிக் கேட்பாள்?

அகலமான சாலையில் நடக்கப் போகிறவன் நான். இடிக்கும் பணத்தில் என் வரியும் இருக்கிறது. அந்தக் கணக்கில் அவளுக்கென்று நாலடி இடம் சேரும்வரை, அந்தக் கடையை ஆளில்லாத கடை என்று நான் சொல்லமாட்டேன்.