மண்மேட்டில் முருகன் இருப்பானா?

வேலும் மயிலும் துணை 🙏

மார்கழி விடியல். பனியில கை விறைக்க, நண்பனும் நானும் நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்கு சைக்கிள் மிதிச்சோம். நம்ம ஊர் சமவெளிதான். ஆனா தூரத்துல குன்றுகள். பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிய மேல்மண்ணைக் கொட்டின மேடுகள். சிலதுல மரம் வளர்ந்திருக்கு. புதுசுல புல்கூட இல்ல, பாலைவனம் மாதிரி.

"குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன்டா!" என்றேன்.

அவன் சிரிக்கல. "எங்க தாத்தாவோட முந்திரித்தோப்பு மண்ணும் அதுலதான்டா கிடக்கு."

சுருக்குனு இருந்தது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து சுரங்கத்துக்காக எத்தனையோ குடும்பங்கள் நிலம் கொடுத்திருக்காங்க. அந்தக் கரன்ட்லதான் நான் படிச்சேன். இன்னிக்கு லேப்டாப்ல வேலை பார்க்கிறேன். 'நான் தப்பு பண்ணல'னு சொல்லலாம். 'கடன்படல'னு சொல்ல முடியுமா? தப்பு செஞ்சவனுக்கு மட்டும்தான்; கடன் அனுபவிச்ச எல்லாருக்கும்.

சன்னதியில எனக்காக எதுவும் கேட்கத் தோணல. தாத்தா பேருக்கு அர்ச்சனை செஞ்சு, பிரசாதத்தோட அவர் வீட்டுக்குப் போனேன். "தோப்பு எப்படி இருக்கும் தாத்தா?"னு கேட்டேன். மத்தியானம் வரை பேசினார். யாரும் கேட்டதே இல்லையாம்.

அந்தக் கடனை என்னால அடைக்க முடியாது. மறக்காம இருக்க முடியும். அதுக்கு முருகன்தான் துணை நிக்கணும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!