எரித்தது யார்? எழுதியது யார்?

வரலாறு பயிலும் நம் கல்லூரி மாணவர்கள் கண்ணில் இச்செய்தி என்றேனும் படாமலிராது: கலீஃபா உமர் (ரலி) அவர்களின் கட்டளைப்படி அலெக்சாந்திரியா நகரின் பெரும் நூலகம் கொளுத்தப்பட்டதாம், அந்நூல்கள் 4,000 ஹம்மாம்களுக்கு ஆறு மாதம் விறகாயினவாம்! படித்ததும் மனம் கொதிக்கும். ஆனால், 'எங்கள் கலீஃபா அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்' என்பது அன்பின் பேச்சு. ஆய்வுக் கட்டுரையில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

கேட்க வேண்டியது வேறு. சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்? நம் ஹதீஸ்கலை இமாம்கள் ஒவ்வொரு ரிவாயத்தையும் இக்கேள்வியின் முன்தான் நிறுத்தினார்கள். அந்நகர் முஸ்லிம்கள் வசமானது கி.பி. 642-ஐ ஒட்டி. இக்கதையை விரித்தெழுதிய இப்னுல் கிஃப்தீ மறைந்தது 1248-ல். இடையே அறுநூறு ஆண்டுகள், ஸனதோ இல்லை! அவருக்குச் சற்று முன்னர் அப்துல் லதீஃப் பக்தாதீ போகிறபோக்கில் குறிப்பிட்டதுண்டு, அவ்வளவே. அதே நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் பார் ஹெப்ரேயஸும் எழுதினார். அவர் நூல் 1663-ல் லத்தீனில் வெளிவரவே, ஐரோப்பாவெங்கும் கதை பரவிற்று. ஆகவே, ஐம்பது புத்தகங்களில் இருப்பதால் ஐம்பது சாட்சிகள் என்று எண்ணலாகாது.

வெற்றிக்கு அடுத்த தலைமுறையில் எழுதிய எகிப்தியப் பிஷப், நிகியூ யோவான், முஸ்லிம்களிடம் பரிவு காட்டியவரல்லர். அவரும் நூலக எரிப்பைச் சொல்லவில்லை. (அவர் நூல் எத்தியோப்பிய மொழிபெயர்ப்பாக, இடையிடையே குறைபட்டே கிடைத்திருக்கிறது என்பதையும் மாணவர் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.) கதையில் நூல்களைக் கேட்டு வேண்டும் யஹ்யா நஹ்வீயோ அரை நூற்றாண்டுக்கும் முன்பே இறந்துபோனவர்! கிப்பனும், 1902-ல் பட்லரும் இக்கதையை ஏற்க மறுத்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர்.

இதுவரை நமக்கு இனிக்கிறது. இனிமேல்தான் சோதனை.

சீன தேசம் சென்றேனும் கல்வி தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் காண்கிறோம். அதனை இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்தார்கள்; பலவீனமானது என்ற அளவில் நிறுத்திய இமாம்களும் உண்டு. கலீஃபாவுக்கு எதிரான கதையிடம் ஸனது கேட்ட மாணவர், தம் கட்டுரையின் முகப்பில் இதனைக் கேள்வியின்றிப் பொறிப்பாரானால், முன்னர் அவர் செய்ததும் ஆராய்ச்சியன்று, வக்கீல் வேலையே. எழுதத்தான் வேண்டுமென்றால் அருகிலேயே இமாம்களின் முடிவையும் எழுதட்டும். திருத்துகிற பேராசிரியருக்கு ஹதீஸ் கலை தெரியாது என்பது ஒரு காரணமாகாது.