துருத்தி ஊதிய சிறுவன்

பிறர் உதவியை நாடாமல் ஒரு செயலை முடிப்பது மேன்மை என்று நாம் எண்ணுகிறோம். அதே நாம், வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சிக்குச் சென்றால், அன்னையை ‘அடைக்கல மாதா’ என்று அழைத்து முழந்தாளிடுகிறோம். தன் காலில் நிற்பவனுக்கு அடைக்கலம் எதற்கு? நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் இவ்வினாவைக் கூர்மையாக நம்முன் வைக்கிறது.

நம் நாட்டில் இன்று ‘பிரவே’ எனும் பயணங்கள் நடைபெறுகின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் கடக்க வேண்டும். இவற்றில் முதல்வன், கடையன் என்ற வரிசை இல்லை. ஆகவே இவை பந்தயமல்ல. மைக் ஹால் என்ற ஆங்கிலேயர் 2013-இல் தொடங்கிய ‘டிரான்ஸ்கான்டினென்டல்’ பந்தயமோ ஐரோப்பாவைக் குறுக்கே கடப்பது. ஏறத்தாழ 4000 கிலோமீட்டர். உடன்வரும் வண்டி இல்லை, உதவியாளர் இல்லை.

இதற்கான ஆயத்தம் பல மாதங்கள் நீளும். டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், விளக்கு, மழைச்சட்டை அனைத்தையும் வண்டியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். இருட்டில் சக்கரத்தைக் கழற்றி மாட்டக் கையும், மிதித்தபடியே உண்ண வயிறும் பழக வேண்டும். நாள் செல்லச் செல்ல உள்ளங்கை மரத்துப்போகும்; இருக்கையில் உரசித் தோல் புண்ணாகும். இவற்றையெல்லாம் பொறுத்துவிடலாம், உறக்கம்தான் கொடிது. (நெல் மூட்டையை வைத்து மிதித்துச் செல்லும் நம்மூர்த் தொழிலாளிக்கு இந்த வருத்தம் புதிதன்று; அவருக்குப் பதக்கம் தருவார் இல்லை என்பதே வேறுபாடு.)

இத்தகைய பந்தயத்தின் விதியொன்று நம்மைச் சிந்திக்கவைக்கிறது. கடையில் வாங்கி உண்ணலாம், விடுதியில் தங்கலாம், வழியிலுள்ள பட்டறையில் பழுது பார்க்கலாம். ஆனால் நண்பர் ஒருவர் உமக்கென்று சோறு கட்டிக்கொண்டு காத்திருத்தல் கூடாது. எல்லாருக்கும் திறந்திருப்பதைப் பெறலாம். தனக்கென்று ஒதுக்கிவைத்ததைப் பெறலாகாது. ஊர்தோறும் உறவினர் உள்ளவனும் ஒருவருமற்றவனும் ஒரே சாலையில் ஒப்ப நிற்பதற்கு இதைவிட நேரிய வழி உண்டோ? தற்சார்பு என்று பெயரிட்டாலும் இவ்விதி தடுப்பது சலுகையைத்தான்.

முற்காலத்தில் விதி இதனினும் கடுமையானது. 1913-இல் பிரான்சைச் சுற்றிவரும் பந்தயத்தில், டூர்மலே மலைக்கணவாயில் யூஜின் கிறிஸ்தோஃப் என்பவரின் வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. வண்டியைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்து, அடிவாரத்துக் கொல்லன் உலைக்களத்தை அடைந்தார். பழுதைத் தம் கையாலேயே நீக்கவேண்டும் என்பது சட்டம். அதிகாரிகள் அருகிருந்து பார்க்க, அவரே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். இரு கைகளும் வேலையில் இருந்தமையால் துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான். அந்தக் காற்றுக்காக அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது!

சட்டத்தின் எழுத்துப்படி அது சரியே. ஆயினும் நம் மனம் ஒப்பவில்லை. அச்சிறுவன் கிறிஸ்தோஃப்புக்கென்று முன்கூட்டியே அங்கு நிறுத்தப்பட்டவன் அல்லன். வேறெவர் வந்து நின்றிருந்தாலும் ஊதியிருப்பான் என்றே நமக்குத் தோன்றுகிறது. நம் சாலையோரத் தண்ணீர்ப் பந்தலும் அத்தகையதே. ஏலாக்குறிச்சிக்கு நடந்து வருவோர்க்கு வழியிலுள்ள வீட்டார் ஒரு செம்பு நீர் தரும்போது, பெயரையோ குலத்தையோ கேட்டபின் தந்தால் அது பந்தல் ஆகாது. கேளாமல் தரப்படும் அந்நீரைக் குடித்தவரின் நடை குறைந்துவிடுவதில்லை. அடைக்கலம் என்ற சொல்லையும் நாம் இவ்வாறே கொள்கிறோம். அது வலுவிழந்தவனுக்கு மட்டும் உரிய புகலிடமன்று. யார் வரினும் அடைக்கப்படாத வாசல்.

தனித்துச் செல்பவரும் சாலையில் தனித்தவர் அல்லர். மைக் ஹால் 2017 மார்ச் 31 அன்று, ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் கார் மோதி மாண்டார்; பந்தயம் அத்துடன் நிறுத்தப்பட்டது. தம் உடலை எந்த எல்லைவரை வருத்தலாம் என்பதை ஒருவர் தமக்குள் மட்டும் தீர்த்துக்கொள்ள இயலாது. அவர் வீடு திரும்பக் காத்திருப்போர்க்கும், எதிரே வண்டி ஓட்டி வருவோர்க்கும் அதில் பங்குண்டு. கண் செருகும் வேளையில் இறங்கி, ஒரு பேருந்து நிழற்குடையில் ஒரு மணி நேரம் படுத்தெழுபவர் அந்நேரத்தை இழக்கவே செய்கிறார். அந்த நிழற்குடையும் யாரோ ஊராருக்கென்று கட்டிவைத்ததே.