புண்ணும் முத்தும்

மன்னார்க் கடலின் பெருமை பேசுவோர் முத்தைப் பற்றிப் பேசாதிருப்பதில்லை. ஆனால், முத்து என்பது யாது? சிப்பியின் உடலுக்குள் ஒட்டுண்ணியோ வேறோர் அந்நியப் பொருளோ புகுந்து ஊறு செய்கையில், அவ்வுயிர் தன்னைக் காத்துக்கொள்ளப் படலம் படலமாகச் சுரந்து மூடிய மூடலே அது. ஓர் உயிரின் ஆறிய புண்ணையே நாம் அணிகலன் என்கிறோம்.

சலாபங்கள் பல்லாண்டுகள் பொய்த்தமையால் கவலையுற்ற பிரித்தானிய ஆட்சி, 1902-இல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை இக்கரைக்கு வரவழைத்தது. அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. சிப்பியின் வளர்ச்சி, சிப்பியின் ஒட்டுண்ணி, சிப்பியின் அழிவு யாவும் நுணுகி ஆராயப்பெற்றன. அச்சிப்பியை எடுக்க மூச்சடக்கி மூழ்கியவனுக்கோ எடுத்ததில் மூன்றிலொரு பங்கு; எஞ்சிய இரு பங்கும் அரசுக்கு. விஞ்ஞானம் அங்கே பொய்யுரைக்கவில்லை. ஆனால், அது எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது வருமானமே.

இப்பழங்கதை இன்று நம் நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. 1973-இல் அமெரிக்காவில் லோரன் பிக்கார்ட்டும் தேலரும் மனிதக் குருதியில், கிளைசீன், ஹிஸ்டிடீன், லைசீன் என்னும் மூன்றே அமினோ அமிலங்களாலான பெப்டைட் ஒன்றை இனங்கண்டனர். செம்பை இறுகப் பற்றிக்கொள்வது அதன் இயல்பு. கட்டற்ற செம்பு உயிர்க்கலங்களுக்கு நஞ்சு. செம்பே இல்லையெனிலோ புண் ஆறாது. ஏனெனில், கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இழையத்துக்கு வலுவூட்டும் நொதியம் செம்பின்றித் தொழிற்படுவதில்லை. இப்பெப்டைட் செம்போடு சேர்ந்து, ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களைக் கொலாஜன் மிகுதியாக ஆக்கத் தூண்டுகின்றது என்பதை 1988-இல் பிரெஞ்சு ஆய்வாளர் காட்டினர்.

நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆயினும், கண்ணாடித் தட்டிலுள்ள கலம் மனிதன் அன்று. அந்த 1973-ஆம் ஆண்டு ஆய்விலேயே அப்பொருள் ஈரற் புற்றுக்கலங்களின் வளர்ச்சியையும் தூண்டக் காணப்பட்டது. ஆற்றுவது எதுவோ அதுவே வேறோரிடத்தில் ஊறு செய்யவுங் கூடும். ஆதலால், பாதி அறிந்ததை முழு மருந்தென விற்பது அறமாகாது. பாதிதான் அறிந்தோம் என்று ஆய்வையே இகழ்வதும் அறமாகாது.

1990-களில் நீரிழிவுப் புண்களில் இதனைப் பரிசோதித்தனர். எனினும், இன்று இப்பொருள் பரவலாக வாழுமிடம் எது? சுருக்கம் நீக்குவதாகச் சொல்லும் முகப்பூச்சுக் குப்பி! அழகை விரும்புவது குற்றமென நாம் சொல்லவில்லை. பேசாலையில் திருக்கை முள் தைத்த காலோடு கரைவலை இழுப்பவனையும், உப்பளத்தில் வெடித்த பாதத்தோடு நிற்பவளையும் நினைத்துப் பார்த்தே கேட்கிறோம்: புண்ணை ஆற்றுதற்கெனத் தேடிய அறிவு, புண்ணே இல்லாத முகத்தை முதலில் சென்றடைந்தது ஏன்? வாங்கும் வலு அங்கே இருக்கிறது. வலி இங்கே இருக்கிறது. சந்தை வலியை அளப்பதில்லை, வலுவையே அளக்கிறது.

ஆய்வாளன் தன் கடனைச் செய்தான், பயன்படுத்துவோர் பொறுப்பு அவனுடையதன்று என்பர் சிலர். அவனைத் தனியனாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமன்று என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால், ஆய்வுக்குப் பணம் தருவோர், எதை மேற்கொண்டு சோதிப்பதெனத் தெரிவோர், அதனைக் கண்டும் வாளாவிருக்கும் நாம், எல்லோருமே அப்பொறுப்பில் பங்காளிகள் அல்லவா?

மற்றொன்றையும் மறத்தலாகாது. நாளையே நல்ல மருந்து வந்தாலும், ஆறுவதற்குப் புண்ணுக்கு ஓய்வு வேண்டும். ஒரு நாள் கடலுக்குப் போகாவிடின் அடுப்பெரியாத வீட்டில் ஓய்வு எங்கிருந்து வரும்? தூய நீரும், காலுக்குச் செருப்பும், பட்டினியில்லாத பத்து நாளும் எந்த ஆய்வுகூடத்திலும் பிறப்பன அல்ல. அவை சமுதாயம் தரவேண்டியவை.

சிப்பி தன் புண்ணைத் தானே மூடிக்கொள்கிறது. அதன் பயனை எவரெவரோ அணிகின்றனர். மனிதனின் புண்ணுக்கும் அதே கதி நேர நாம் இடந்தரலாமா?