விளக்குக் கரி

சேலையூர் வீட்டைக் காலி செய்த அன்று ஹவுஸ் ஓனர் டார்ச்சோடு வந்தார். குழாய், கதவு எல்லாம் பார்த்துவிட்டு பூஜை அலமாரி முன்னால் நின்றார். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. ஆறு வருஷம் என் மனைவி இரண்டு வேளையும் ஏற்றிய நல்லெண்ணெய் விளக்கின் புகை. "சாமி விளக்குதான் சார், குத்தம் சொல்லல. ஆனா பெயிண்ட் அடிச்சுத்தானே அடுத்த ஆளை வைக்கணும்" என்றார். அட்வான்ஸில் ஒரு மாத வாடகை, 14,000 ரூபாய், கழிந்தது.

தாம்பரத்தில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். மிஷின் பழசானால் தேய்மானம் போடுவேன். பக்திக்கும் தேய்மானம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

உடம்பு வாடகை வீடு, உயிர் அதில் குடியிருப்பவன் என்று கேட்டே வளர்ந்தோம். வள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் உடம்பைத் 'துச்சில்' என்கிறார். பிறர் வீட்டில் ஒண்டியிருக்கும் இடம். ஆனால் அவர் கண்டிக்கவில்லை. இந்த உயிருக்கு நிலையான ஒரு வீடு இன்னும் அமையவில்லையோ என்று கேட்கிறார். அதில் ஒரு பரிவு இருக்கிறது. பிரசங்கம் செய்கிறவர்கள் அந்தப் பரிவை விட்டுவிட்டு, வாடகை வீட்டின் மேல் என்ன பற்று என்று முடித்துவிடுகிறார்கள். மாசம் 5-ஆம் தேதி அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை போலும்.

சொந்த வீட்டுக்காரர் சுவரை நினைக்காமல் ஆணி அடிப்பார். நாங்கள்தான் ஒவ்வொரு ஆணிக்கும் யோசிப்போம், துடைப்போம், மழை வந்தால் ஓதம் ஏறுகிறதா என்று தடவிப் பார்ப்போம். இது பற்று இல்லையென்றால் வேறென்ன? பத்து மாச அட்வான்ஸ் 1,40,000 வட்டியில்லாமல் சேலையூர் ஓனரிடம் கிடந்தது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, இருவரும் வேறு விதமாக எழுதிக்கொண்டாலொழிய. வேறு விதமாக எழுதாத அக்ரிமெண்ட் எதிலும் இதுவரை நான் கையெழுத்துப் போட்டதில்லை. என் நோட்டில் அந்தத் தொகை ஓனர் பெயரில் பற்று. பற்றை விடு என்றால் நான் எந்தப் பக்கத்தை அடிப்பது?

இப்போது ராஜகீழ்ப்பாக்கம். வாடகை 16,000, பராமரிப்பு தனி. நாலு வீடு எங்களோடு மாறிய அம்பாள் படத்தை முதலில் உள்ளே கொண்டுபோய்ப் பால் காய்ச்சினோம். புது வெள்ளைச் சுவர். அலமாரிக்கு மேலே மட்டும், பெயிண்டுக்கு அடியிலிருந்து லேசாக ஒரு பழுப்பு தெரிந்தது. யாரோ முன்னால் குடியிருந்தவர். அவருக்கும் ஒரு மாதம் கழிந்திருக்கும்.

மனைவி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். விளக்கை நேராக அதன் கீழேயே வைத்தாள்.