பலனைத் தவிர வேறில்லாத வேலை

1930-31இல் வங்கி விசாரணைக் குழுக்கள் சென்னை மாகாணத்தின் உள்நாட்டு வங்கியாளர்களைப் பட்டியலிட்டபோது, நாட்டுக்கோட்டை நகரத்தார், முல்தானிகள் ஆகியோருடன் கல்லிடைக்குறிச்சிப் பிராமணர்களையும் எழுதிக்கொண்டன. தாமிரபரணியின் தென்கரை ஊரான கல்லிடைக்குறிச்சியில் வேதபாடமும் வட்டிக் கணக்கும் அடுத்தடுத்து நடந்தன. மனுவோ வட்டித் தொழிலை வைசியருக்கு ஒதுக்கியவர். அக்ரகாரம் அதை எப்படிச் சமாளித்தது என்பது தனிக் கதை. ஆனால் பணத்தைக் கொண்டு பணம் பண்ணுவது எதுவரை தொழில், எங்கே பாவம் என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதில்லை. இன்று அது கைபேசிக்குள் வந்துவிட்டது. தீர்ப்பும் தயாராக இருக்கிறது. பங்கை அன்றன்று வாங்கி விற்பவன் சூதாடி, வாங்கி இருபது வருஷம் வைத்திருப்பவன் பொறுமைசாலி, கிட்டத்தட்டத் தவசி. இந்தத் தீர்ப்பின் முதல் பாதி ஏறக்குறையச் சரி, இரண்டாவது பாதி தவறு என்றுதான் எனக்குப் படுகிறது.

அன்றன்று வாங்கி விற்கும் டிரேடரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. காலை 9.15 முதல் மாலை 3.30 வரை திரையை விட்டுக் கண் அகலாது. இரவில் அமெரிக்கச் சந்தை வேறு. உழைப்பு உண்டு, படிப்பு உண்டு, நஷ்டத்துக்கு வரம்பு கட்டும் ஸ்டாப் லாஸ் என்ற கட்டுப்பாடும் உண்டு. கூலிதான் இல்லை. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கணக்கெடுத்துச் சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இரண்டு ஆண்டு தொடர்ந்து இழந்தவர்களிலும் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் விடாமல் ஆடினார்கள். வள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரம் ஒதுக்கியது இந்தப் பிடியைப் பார்த்துத்தான். பயிற்சி வகுப்புக்காரர்கள் இதற்குக் கீதையிலிருந்தே மருந்து தருகிறார்கள்: பலனைப் பார்க்காதே, முறையைப் பின்பற்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தச்சன் கூலியை மறந்தாலும் கதவு மிஞ்சும். வைத்தியன் காசை மறந்தாலும் நோயாளி மிஞ்சுவான். ஆப்ஷன் வாங்கியவன் விலையை மறந்தால் அங்கே மிஞ்சுவது என்ன? பங்குக்குப் பின்னால் உள்ள நிறுவனம் சிமென்ட் செய்கிறதா, மருந்து செய்கிறதா என்பதுகூட அவனுக்குத் தேவையில்லை. பலனைத் தவிர உள்ளே எதுவுமே இல்லாத வேலையில் பலனைத் துறக்கச் சொல்வது, வேலையையே துறக்கச் சொல்வதுதான். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் பலனை நாடி மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் இடையே அலைபவனை ராஜச கர்த்தா என்கிறது. ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி நாளில் அவனை நேரிலேயே பார்க்கலாம்.

ஆனால் அதே இடத்தில், அடுத்த சுலோகத்திலேயே, தாமச கர்த்தாவும் வருகிறான். அவன் இலக்கணங்களில் சோம்பலும் காலம் கடத்துவதும் உண்டு. நீண்டகால முதலீட்டாளரைப் புகழ்பவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை. எஸ்.ஐ.பி. என்ற பரஸ்பர நிதித் தவணை மாதாமாதம் தானே போகிறது. எந்த நிறுவனம், என்ன செய்கிறது, யார் வயிற்றில் அடித்து லாபம் காட்டுகிறது என்று கேட்பதே இல்லை. இதில் பொறுமை என்ற பெயருக்கு உரியது எவ்வளவு, பாராமுகம் எவ்வளவு? கார், பிசானம் என நெல் இருபோகம் விளைந்த தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறையாக நிலம் வைத்திருந்த மிராசுதாரரை யாரும் சூதாடி என்றதில்லை. வயலில் கால் வைக்காமல், உழுதவன் வீட்டு நிலைமை தெரியாமல், குத்தகை நெல்லை மட்டும் அளந்து வாங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். வைத்திருந்த காலத்தின் நீளம் அவர்களை நல்லவர்களாக்கிவிடவில்லை.

டிரேடர் இல்லாவிட்டால் முதலீட்டாளர் நினைத்த நேரத்தில் விற்க முடியாதே என்பார்கள். உண்மைதான். மகள் கல்யாணத்துக்குப் பங்கை விற்பவருக்கு எதிரே வாங்க ஓர் ஆள் நிற்கிறான் என்றால், அவன் பெரும்பாலும் அன்றைக்கே கைமாற்றிவிட வந்தவன். அவன் அலைச்சலில்தான் இவர் நிம்மதி நிற்கிறது; இவர் அவனை இழித்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் இந்த வாதம் சிறு டிரேடரைக் காப்பாற்றாது. 2023-24இல் எஃப் அண்ட் ஓவில் தரகு நிறுவனங்கள் சொந்தக் கணக்கில் சுமார் 33,000 கோடியும், அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் ஈட்டின. அதில் பெரும்பகுதி கணினி நிரல்கள் போட்ட ஆர்டர்களில் வந்தது. சந்தைக்குச் சேவை செய்ததற்கான கூலி எங்கே போகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. பத்துப் பங்கு வைத்திருப்பவன் கம்பெனியின் பாவத்துக்கு எப்படிப் பொறுப்பாவான்? தாமிரபரணி கடலில் கலக்கும் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்டவர்கள் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலையின் உரிமையாளரான வேதாந்தாவின் பங்கு மும்பையில் தினமும் கைமாறுவது. டிரேடருக்கு அது ஒரு விலை அசைவு. ‘இது தற்காலிகம், விற்காதே’ என்று தனக்குச் சொல்லிக்கொள்ளும் நீண்டகால முதலீட்டாளருக்கும் அது விலை அசைவுதான்; கால அளவு மட்டும் வேறு. சுட்டது அவரில்லை, சுடச் சொன்னதும் அவரில்லை. ஆனால் லாபப்பங்கு வரும்போது உரிமையாளர், பிணம் விழும்போது வெறும் பார்வையாளர் என்ற கணக்கை எந்தத் தர்ம சாஸ்திரத்தில் வைத்து நியாயப்படுத்துவது? இங்கிலாந்துத் திருச்சபை அதே குழுமத்தின் லண்டன் பங்குகளை வைத்திருந்தது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டும் திட்டம் அங்குள்ள டோங்ரியா கோந்த் மக்களை என்ன செய்யும் என்று நிறுவனத்தோடு பேசிப் பார்த்தது. பதிலில் நிறைவில்லாமல் 2010 பிப்ரவரியில் பங்குகளை விற்றது. அந்த விற்பனையால் வேதாந்தா ஆடிப்போய்விடவில்லை. மலையைக் காத்தது 2013இல் திட்டத்தை நிராகரித்த பன்னிரண்டு கிராம சபைகள். இருந்தும் திருச்சபை அந்தப் பங்குகளை வைத்துக்கொண்டு லாபப்பங்கு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.