பிள்ளை பெற்றவளுக்கு அல்லாஹ் கொடுத்த ஓய்வு

 

மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பிரசவத்தை அல்லாஹ் 19-வது சூராவில் சொல்லிக் காட்டுகிறான். வலி தாங்காமல் பேரீச்ச மரத்தடிக்கு வந்தவர்கள், இதற்கு முன்பே நான் இறந்து போயிருக்கக் கூடாதா என்று கதறினார்கள். அல்லாஹ் தேர்ந்தெடுத்த பெண்மணியின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அதற்கு என்ன பதில் வந்தது? உனக்கு ஈமான் இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. கவலைப்படாதே, உன் காலடியில் ஊற்று இருக்கிறது, மரத்தை அசைத்தால் கனிந்த பழம் விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு என்றே பதில் வந்தது. எந்த மனிதர் எதிரே வந்தாலும், இன்று நான் பேசுவதில்லை என்று நேர்ந்திருப்பதாகத் தெரிவித்துவிடவும் சொல்லப்பட்டது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "தண்ணி நிறையக் குடிக்காதே, வயிறு பெருத்துரும்" என்கிறோம். பால் கொடுப்பவளுக்குத்தான் தாகம் அதிகம். பத்தியம் என்று சொல்லிப் பழத்தையும் காயையும் நிறுத்துகிறோம். ஏழாம் நாள் அகீகா என்றால், தையல் ஆறாத பெண்ணைப் பட்டுச் சேலையில் உட்கார வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வைக்கிறோம். சில வீடுகளில் பிரியாணிக்கு வெங்காயமும் அவளே உரிக்க வேண்டும்! அகீகா சுன்னத்துதான். ஆனால் அந்த வேலையைப் பெற்றவள் தலையில் கட்டச் சொல்லி எந்த ஹதீஸும் இல்லை.

நிஃபாஸ் காலத்தில் தொழுகை அவள் மீது கடமையில்லை, பிறகு களா செய்யவும் வேண்டாம். விட்ட நோன்பை மட்டும் பின்னால் நோற்க வேண்டும். படைத்தவனே தன் ஹக்கை விட்டுக்கொடுத்திருக்கும்போது, அடுப்படி ஹக்கை விட நமக்கு மனமில்லை.

நாற்பது பற்றி ஒரு விளக்கம். ஹனஃபி மத்ஹபில் 40 நாள் என்பது அதிகபட்சம், ஷாஃபியில் அது 60. குறைந்த அளவு என்று எதுவுமில்லை. உதிரம் முன்னதாக நின்றால் குளித்துத் தொழ வேண்டியதுதான். ஆனால் உதிரம் அளவுக்கு மீறிப் போனாலோ, காய்ச்சலோ, கண் மங்கும் தலைவலியோ, வலிப்போ வந்தாலோ நாற்பதாம் குளிப்பு வரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் போடுங்கள்.

பால் கொடுக்கும் தாய்க்கு உணவும் உடையும் தகப்பன் பொறுப்பு என்கிறது 2:233. தலாக்காகிப் பிரிந்துபோனவள் பாலூட்டினாலும் கூலி கொடு என்கிறது 65:6. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் அரசு தரும் உதவியும் அவள் சாப்பாட்டுக்கு உரியது. அதை விருந்துக்குச் செலவழிக்காதீர்கள்.

கணவன்மார்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. அவள் காரணமில்லாமல் அழுதால், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லை என்றால், தூக்கமே வரவில்லை என்றால், திமிர் என்று சொல்லாதீர்கள். ஜின் பிடித்துவிட்டது என்று ஊர் ஊராக அலையவும் வேண்டாம். ஓதிப் பாருங்கள், அது நல்லது. அதோடு டாக்டரிடமும் காட்டுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அந்த நிலை மாறவில்லை என்றால் தள்ளிப்போடவே கூடாது. செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவள் சொன்னால் அன்றைக்கே கூட்டிப் போங்கள், அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இரவில் ஒருமுறையாவது பிள்ளையை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டால் அவள் தூங்குவாள். பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளைச் செய்து கொடுத்தார்கள் என்று ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. தொழவைக்கும்போது ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் தவிப்பாளே என்று தொழுகையையே சுருக்கியவர்கள் அவர்கள்.

ஆகவே, வீட்டில் பச்சை உடம்புக்காரி இருப்பவர்கள் ஃபர்ளு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஜும்ஆவுக்குப் பின்னுள்ள சுன்னத்தை வீட்டில் தொழுவதும் நபிவழிதான். போகிற வழியில் நம் மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் அவளுக்கென்று ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு போங்கள்.